காலிதீனின் தலையில் உன் முகம்

சாய்ந்தமருது,
22.08.1982.

அன்புள்ள மகன் ஜவுபருக்கு உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் உன் ராத்தா நதீராவும் அவளுடைய மாப்பிள்ளையும் பிள்ளையும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் காவல் மஸ்கட்டில் உனக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ பெருநாளைக்குப் போட்ட கடிதம் பெருநாளெல்லாம் மறந்துபோன பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் உம்மா தபால்காரரை வழியில் மறித்துக் கேட்கத் தொடங்கிவிட்டாள், அந்த மனிதர் இப்போது எங்கள் ஒழுங்கையால் வராமல் சுற்றிப் போகிறார். உம்மாவுக்கு முழங்கால் நோவு முன்னையைவிடப் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலம் நல்லதுதான், அதை நதீராவின் மாப்பிள்ளை தலைவலிக்குப் பூசினார், நான் சளிக்குப் பூசினேன், உம்மாவின் முழங்காலுக்கு வரும்போது போத்தல் முடிந்துவிட்டது. நதீராவின் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஒரு சாமானைக் கீழே வைக்க முடியவில்லை. கரவாகு வட்டையில் நம் வயலுக்குத் தண்ணீர் பிந்தித்தான் வந்தது, ஆனாலும் சிறுபோகம் மோசமில்லை, வெட்டிக் கதிர்க்கட்டுகளைச் சூடாக அடுக்கி முடிந்தது. அந்த ஊர் வெயில் நம் ஊர் வெயில் மாதிரி இல்லை என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், வெறும் வயிற்றோடு வெளியில் திரியாதே, மோர் கிடைத்தால் குடி.

இவ்வளவும் நீ எதிர்பார்த்திருக்கும் செய்திகள். இனி எழுதப்போவதை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் தாளைக் கசக்கிக் கசக்கி எறிந்துகொண்டிருந்தேன், உம்மாதான் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றாள். இரண்டு கிழமைக்கு முந்திய வெள்ளி வட்டையில் இருந்து ஓடிவந்து குளித்து உடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன், குத்பா தொடங்கிவிட்டதால் பின்னுக்குத்தான் இடம் கிடைத்தது. எனக்கு நேர் முன்னால் லொறிக்காரக் காலிதீன். அவன் கட்டையான ஆள், நான் நின்றால் என் கண்ணுக்கு முன்னால் இருப்பது அவனுடைய தலைதான். தொப்பி வாங்கிக் கொடுத்தாலும் தொலைத்துவிடுவான், பையில் கிடக்கிற லேஞ்சித் துணியை முக்கோணமாக மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு தொழுவான், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தக்பீர் கட்டிக் கண்ணைத் தாழ்த்துகிறேன், காலிதீனின் பின்தலையில் நீ நிற்கிறாய். மகன், கனவு கண்டதைச் சொல்லவில்லை. லேஞ்சியின் மூலையில் உன் முகத்தை அச்சடித்திருக்கிறார்கள், அவன் மடித்துக் கட்டியதில் அந்த மூலை சரியாகப் பிடரிக்கு மேலே வந்து தொங்குகிறது. அதே மீசை, அதே கோணல் சிரிப்பு, கையில் ட்ரம் அடிக்கிற குச்சிகள். முதலில் உனக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்காதே, கடலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளையின் முகத்தை நினையாத இடத்தில் கண்டால் பெற்றவனின் புத்தி அங்கேதான் போகும். இமாம் என்ன ஓதினார் என்று எனக்குத் தெரியாது. காலிதீன் குனிந்தால் நீயும் குனிகிறாய், அவன் நிமிர்ந்தால் நீயும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். சலாம் கொடுத்ததும் துஆவுக்குக்கூடப் பொறுக்காமல் எட்டி அந்த லேஞ்சியைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் பயந்துபோய்த் திரும்பி, என்ன ஆதங்காக்கா, தலையில பூச்சி கீச்சி ஏறிட்டா என்று கேட்டான். நான் லேஞ்சியை அவன் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துப்போய், இது நம்மட ஜவுபரெல்லோ காக்கா, மஜீட்ட கடையில பக்கட்டோட வாங்கின, என்ன கிடக்கு எண்டும் பாக்கல்ல, அப்பிடியே மடிச்சுக் கட்டிட்டு வந்தன், அறிஞ்சா படம் போட்டத பள்ளிக்குக் கொண்டருவனா என்று கெஞ்சத் தொடங்கிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் தௌபாச் செய்தார்கள். நான் அதைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனம் ஒட்டாத அந்த ஜும்ஆவுக்குப் பதிலாக லுஹரைத் தனியாகத் தொழுதேன்.

வீட்டில் உம்மா அந்த லேஞ்சியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, புள்ள மெலிஞ்சிட்டான் என்றாள். நதீராதான் கீழே இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்தாள். மேலே உங்கள் கோஷ்டியின் பெயர், கரவாகு போய்ஸ் என்று இருக்கிறதாம். உன் முகத்துக்குக் கீழே உன் பெயர் இல்லை, உன் கூட்டாளி தவராசாவின் பெயர் இருக்கிறது. உம்மாவுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. காரைதீவுப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒன்றாகப் படித்து ஒன்றாகப் பாட்டுக்கு இறங்கினார்கள் என்பது வேறு, அதற்காக இருவரில் யார் யார் என்றுகூடத் தெரியாதவனா இதை அச்சடித்தான் என்று கேட்டாள். அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் நீதான். கரைவலை இழுக்கிறவர்களின் பனியனில் நீ இருக்கிறாய், முதுகு நனைய நனைய உன் முகம் அவர்களோடு சேர்ந்து வளைகிறது. அறுகம்பேக்குப் போய் வந்த வேன்காரர் ஒருவர் அங்கே ஒரு வெள்ளைக்காரனும் உன் பனியனைப் போட்டிருந்ததாகச் சொன்னார். சந்தையில் ஒருவர் உன் முகத்தில் மூக்குச் சிந்தினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இறைச்சிக் கடையில் கத்தி துடைக்கிற துணியும் அந்த லேஞ்சிதான். நான் அன்றைக்கு இறைச்சி வாங்காமல் வந்துவிட்டேன், உம்மாவிடம் கடை பூட்டியிருந்தது என்று பொய் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கிழமை உனக்கு நான் எழுதியிருந்தால் அது வேறு கடிதமாக இருந்திருக்கும். நீ பெருநாளைக்கு எழுதும்போது நாங்கள் நாலு பேரும் வாசிக்கிற ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், இந்த முறை அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே ஊரெல்லாம் உன் முகம் விலைப்படுகிறது, அவன் வாப்பாவுக்குக் கை விரிக்கிறான் என்று எனக்குக் கொதித்தது. ஊராரும் என்னை விடவில்லை. மகன் கொழும்பில கம்பெனி தொடங்கிட்டானாமே, இனி ஆதங்காக்காவுக்கு வயல் எதுக்கு என்று தேநீர்க் கடையில் கேட்டார்கள். வாசிகசாலைக்குக் கூரை போடப் பணம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பாட்டும் கூத்தும் எனக்கு எப்போதும் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும், நீ படிப்பை விட்டு அந்தக் கோஷ்டியில் சேர்ந்தபோது நான் எத்தனை நாள் உன்னோடு கதைக்காமல் இருந்தேன் என்பதும் தெரியும். ஆனாலும் முகத்தை விற்றுப் பிழைக்கிறவனாக உன்னை நான் நினைத்ததில்லை. அந்த நினைப்போடுதான் மஜீட்டின் கடைக்குப் போனேன். அங்கே லேஞ்சி மட்டுமில்லை, பனியன், விசிறி, பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுகிற உறை, பின்னால் படம் ஒட்டிய சின்னக் கண்ணாடி என்று ஒரு பக்கம் முழுவதும் நீயும் தவராசாவும் மொரட்டுவைப் பிள்ளைகள் இருவருமாக நாலு பேரும் தொங்குகிறீர்கள். இதுகள நம்மட ஜவுபரா அனுப்புறான் என்று கேட்டேன். மஜீட் வாயைப் பொத்திச் சிரித்து, அவனுக்கென்ன தெரியும் காக்கா, உங்கட மகன மஸ்கட்டுக்கு அனுப்பின அதே கொழும்புக் கம்பெனிதான் இத அடிச்சி அனுப்புது, அவங்கட ஆள் வாற வியாழன் வருவார், அவர்ட்டயே கேளுங்க என்றான்.

அந்த ஆளின் பெயர் ஸலாஹுதீன். கொழும்புக்காரர், நல்ல மரியாதை, நல்ல உடுப்பு. உன் வாப்பா என்று அறிந்ததும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது, கடையில் நின்று கேட்கிற விஷயமில்லை, வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்று கூட்டிவந்தேன். உம்மா கோழி ஆணமும் கத்தரிக்காய்ப் பாலாணமும் ஆக்கியிருந்தாள். அன்றைக்கு வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தார், தவராசாவின் தாய் பூரணம். தன் பிள்ளையின் பெயரை வேறு ஒரு முகத்தின் கீழே கண்டுவிட்டு என்னவோ ஏதோ என்று காரைதீவில் இருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள், உம்மாவோடு அடுப்படியில் இருந்தாள். இடையில் ஒரு திரைதான். வந்தவருக்கு அது தெரியாது, சொல்ல எனக்கும் நினைவு வரவில்லை. அவர் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து எனக்கு அன்பளிப்பு என்று நீட்டினார். சுவர்க் கடிகாரம். முள் இரண்டும் உன் மூக்கில் இருந்து புறப்படுகின்றன. அதை வாங்கிப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாடு போட்டு, மெதுவாகக் கேட்டேன், இந்தச் சாமான் விலைப்படுகிறதில் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்று. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பங்கா, சாமான்ல எப்பிடி நானா பங்கு, அவங்கட பேர் நாடெல்லாம் பரவுது தானே, அதுக்கு நாங்க தானே செலவழிக்கிற என்றார். முகத்தை யார் கொடுத்தது என்று கேட்டேன். ட்ரம் செட், கிட்டார், ஸ்பீக்கர் எல்லாம் கம்பெனி குடுத்தது தானே நானா, அதுக்கு அவங்க பேரையும் படத்தையும் தந்தாங்க, எல்லாம் சட்டப்படி ஈக்கிது என்றார். சரி, அப்படியென்றால் அந்த ட்ரம் இப்போது என் மகனுடையதா என்று கேட்டேன். இல்ல நானா, அது கம்பெனிட சாமான், பாவிக்கக் குடுத்திருக்கிற என்றார். எனக்கு விளங்க நேரம் எடுத்தது. முகமும் அவர்களுக்கு, ட்ரம்மும் அவர்களுக்கு. உனக்கு எது என்று கேட்டேன், அவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார், பிறகு, பேமஸ் ஆகிட்டார் தானே என்றார்.

மகன், நம் வயலைப் பார்க்கிற முல்லைக்காரன் மசூருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் ஒருநாளும் என்னிடம் பங்கைக் கேட்டதில்லை. கேட்க விடுவதில்லை, அதுதான் காரணம். சூடு அடித்துத் தூற்றியதும் முதலில் அவனுடையதை அளந்து ஒதுக்கிய பிறகுதான் நம்முடையதில் கை வைக்கிறோம், என் வாப்பா அப்படித்தான் செய்தார், இந்தக் கரையில் எல்லாரும் அப்படித்தான். விதை என்னுடையது, மண் என்னுடையது, உனக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்கிறதுதானே, போ என்று நான் மசூரிடம் சொன்னால் அடுத்த போகத்துக்கு ஒருவன் என் வரம்பில் கால் வைப்பானா. இதை அந்த ஸலாஹுதீனிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, வயல் வேற நானா, இது வேற என்றார். என்ன வேறு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உன் ட்ரம் சத்தம் எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் அது உன் கையில் இருந்து வருகிற சத்தம், உன் உழைப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு அவர் பெயர் விஷயத்துக்கு வந்தார். கரவாகு போய்ஸ் என்கிற பெயரைக் கம்பெனி பதிந்து வைத்திருக்கிறதாம். நீங்கள் நாலு பேரும் விலகினாலும் பெயர் விலகாதாம், கரவாகு என்று சொல்லி ஊரில் ஒரு கல்யாண வீட்டில்கூட நீ ட்ரம் அடிக்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. என்னுடைய காணி உறுதியில் கரவாகு வட்டை என்றுதான் எழுதியிருக்கு, நாளைக்கு வட்டைக்குப் போக உங்கட கம்பெனிக்கிட்டயா கேக்கணும் என்றேன். வட்டைக்கு இல்ல நானா, பாட்டுக்கு மட்டும் தான் என்று அவர் மரியாதையாகவே திருத்தினார். நீர்கொழும்பில் வேறு நாலு பொடியன்களைப் பழக்கி வைத்திருக்கிறார்களாம், அதே பெயர், அதே உடுப்பு, கண்டியில் கானிவலுக்கு அவர்கள்தான் போகிறார்களாம். கரவாகு எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியா தான், சனம் அதையா கேக்கப் போகுது என்றார்.

இதையெல்லாம் கேட்டும் நான் கையைக் கழுவவில்லை, விருந்தாளி சாப்பிடும்போது நான் எழும்பக் கூடாது என்று இருந்தேன். கடைசியாகத்தான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார், அதைச் சந்தோஷச் செய்தி மாதிரிச் சொன்னார். வருகிற மாதக் கடைசியில் உங்கள் ஹோட்டல் வேலை முடிகிறது. புதிய பத்திரம் ஒன்று மஸ்கட்டுக்கு வருகிறது, அது உனக்கு மட்டும். சனம் மூஞ்சப் பாத்துத் தான் வாங்குது நானா, உங்கட மகன்ட மூஞ்சி நல்லா ஓடுது, இந்த முறை சாமான்ல ஒரு பங்கும் போட்டுத் தாறம், மத்த மூணு பேரும் தேவல்ல, மாத்திக்கலாம் என்றார். நீ கையெழுத்து வைத்தால் உனக்குத் திரும்பி வர டிக்கட் கிடைக்கும், பிறகு நீர்கொழும்புப் பொடியன்களோடு நாடெல்லாம் போகலாம், உன் முகத்தின் கீழே உன் பெயரையே போடுவார்கள். தவராசாவுக்கும் மொரட்டுவைப் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கட் இல்லை, அவர்கள் எப்படியாவது வந்து சேர வேண்டியதுதான். பத்திரம் அவர்கள் கண்ணில் படாமல் உன் கைக்கு வருமாம், மத்தவங்களுக்கு இப்போதைக்குத் தெரிய வேணாம், வாப்பா சொன்னா மகன் கேப்பார் தானே, ஒரு வரி எழுதிப் போடுங்க நானா என்று என் முழங்காலைத் தொட்டார். திரைக்குப் பின்னால் ஒரு கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் பூரணத்தின் நினைவு வந்தது. நான் எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வந்து அந்தக் கடிகாரத்தைப் பெட்டியில் போட்டு அவர் மடியில் வைத்தேன். சாப்பிட்டுட்டீங்கதானே, இனிப் போங்க என்று சொன்னேன். இதைவிடக் கேவலமாக ஒரு விருந்தாளியை நான் வழியனுப்பியதில்லை. அவர் கோபிக்கவில்லை, கடப்படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, யோசிங்க நானா, நல்ல சான்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே போனால் உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பூரணம் தேநீரை முழுவதும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சொன்னது இதுதான், ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன். காக்கா, உங்கட மகன் கையெழுத்த வைக்கட்டும், நாலு பேரும் நிண்டு நாலு பேரும் கெட்டுப் போறதவிட ஒருத்தனாவது நல்லா இருக்கட்டும், என்ட புள்ளைக்கு மட்டும் இத எழுதிப் போட்டுடாதீங்க, ஜவுபர் அவன விட்டுட்டான் எண்டு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான், டிக்கட்டுக்கு நான் எப்பிடியாவது பாத்துக்கிறன். இதைச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அவளுக்கு எது இருக்கிறது எப்படியாவது பார்த்துக்கொள்ள. மகன், பள்ளியில் உன் முகத்தைக் கண்டபோது உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்ததை எழுதினேன், அந்த மனிதர் சொல்லச் சொல்ல இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று திகைத்துப்போய்த்தான் இருந்தேன். ஆனால் இவள் சொன்னதைக் கேட்டபோது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஒழுங்கை திரும்பி மறைந்த பிறகுதான் உம்மா பேசினாள். நம்மட புள்ள கையெழுத்து வைப்பானா என்று என்னிடம் கேட்டாள். தெரியா என்று சொன்னேன். அவள் அழுதாள். தெரியாது என்றது எனக்கே பெரிய வேதனையாக இருந்தது, ஆனால் நான் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதுதான்.

இந்தக் கிழமை சூடு அடித்தோம். மசூருடைய பங்கை அளந்து கொடுத்தோம், ஏழைகளுக்குரிய ஸகாத்தை ஒதுக்கினோம், மற்றது ஒரு மூட்டையும் வீட்டுக்கு வரவில்லை. களத்தில் இருந்தே காலிதீன் லொறியில் ஏற்றி மில்லில் விற்கக் கொண்டுபோய்விட்டான், கூலியும் வாங்க மாட்டேன் என்றான். விதைக்கு வைத்திருந்ததும் அதோடு போய்விட்டது, பெரும்போகத்துக்கு விதையை மாவடிப்பள்ளியில் கடனாகத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கு இந்தப் போகம் கடை அரிசிதான். உம்மா கல்யாணம் முடித்த நாளில் இருந்து கடையில் அரிசி வாங்கியவள் இல்லை, நேற்று மஜீட்டின் கடைக்கு ஆள் அனுப்பாமல் தானே போய் வாங்கி வந்தாள், ஊர் பார்க்கட்டும் என்றாள். வந்ததும் கல்லுப் பொறுக்கிக்கொண்டே அந்தக் கம்பெனியைத் திட்டினாள், அதை எழுத முடியாது. நதீராவின் மாப்பிள்ளை அந்தக் காசோடு கொழும்புக்குப் போய் டிக்கட்டுக்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மஸ்கட்டில் விமானக் கம்பெனியின் அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு டிக்கட், ஒன்று உன் பெயருக்கு, மற்றது தவராசாவின் பெயருக்கு. பூரணத்திடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பாள். மொரட்டுவைப் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, என் கையில் அவ்வளவு இல்லை, அவர்களின் வீட்டு விலாசங்களை உடனே அனுப்பு, பெற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, சிங்களத்தில் எழுத ஒருவரைப் பிடித்து நானே எழுதிப் போடுகிறேன். பாஸ்போட் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று முதலில் பார், ஹோட்டல்காரர் வைத்திருந்தால் சண்டை போடாமல் நல்ல வார்த்தை பேசி வாங்கு. அந்த ட்ரம்மை அவர்களிடமே விட்டுவிடு, ஒரு ஆணிகூட எடுக்காதே. படத்தைப் பற்றியும் கவலைப்படாதே, அத அவனுகளே வெச்சிருக்கட்டும், புள்ள வந்து சேந்தாப் போதும் என்று உம்மா சொல்லச் சொன்னாள்.

கையெழுத்து வைக்காதே என்று நான் எழுதப்போவதில்லை. உனக்கு வயது வந்துவிட்டது, முகம் உன்னுடையது, நல்ல சாப்பாடும் நல்ல பெயரும் உனக்கும் வேண்டித்தான் இருக்கும். அந்த மனிதர் கேட்ட ஒரு வரியும் இந்தக் கடிதத்தில் இல்லை, நீயே யோசித்துச் செய். அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் கைக்குப் பரக்கத்தையும் தந்து, எந்த மனிதனுக்கும் அடிமைப்படாமல் உன்னைக் காப்பாற்ற வேண்டும், உன் ஈமானையும் உன் கூட்டாளியையும் உன்னிடம் இருந்து பிரிக்காமல் இருக்க வேண்டும், ஆமீன். நதீரா சலாம் சொன்னாள், அவளுடைய மகள் உனக்கென்று தாளில் மையால் கையை வைத்திருக்கிறாள், அந்தக் கறுப்பைக் கண்டு கெட்ட செய்தி என்று பயந்துவிடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எதை முடிவு செய்தாலும் தவராசாவின் டிக்கட் தவராசாவுக்குத்தான், அதை அவன் கையில் நீயே கொடு. அவன் தனியாக வந்து இறங்கினாலும் கட்டுநாயக்கவில் நான் நிற்பேன், காரைதீவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவனுடைய தாயின் கையில் விடுவேன். ஜவுபர் ஏன் வரவில்லை காக்கா என்று அவள் கேட்க மாட்டாள். அவன் கேட்பான், அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே எனக்கு எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் வரவை அல்லாஹ்விடம் கேட்டிருக்கும் வாப்பா,
மீ. ஆதம்பாவா